ஹரோல்ட் வாக்ஸ்டாஃப்

றக்பிப் பந்தாட்டம் நம் நாட்டாருக்குப் புதியதன்று. எனினும் நாம் பெரிதும் அறிந்தது, அணிக்குப் பதினைவர் ஆடும் யூனியன் முறையே. பதின்மூவர் ஆடும் லீக் முறையோ இங்கிலாந்தின் வடபாகத்துத் தொழிலாளரிடையே வளர்ந்தது. ஆட்டத்தின் பொருட்டு வேலையை விட்டு வருவோர்க்கு இழந்த கூலியை ஈடுசெய்தல் வேண்டும் என்ற கோரிக்கை மறுக்கப்படவே, வடபாகத்துக் கழகங்கள் 1895 இல் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரிற் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. அந்நகர்க் கழகத்தின் புகழை உச்சிக்கு ஏற்றியவர் ஹரோல்ட் வாக்ஸ்டாஃப்.

அன்னார் 1891 மே 19 ஆம் நாள் யோர்க்ஷயரில் ஹோம்ஃபேர்த் என்னும் ஊரை அடுத்துப் பிறந்தார். 1906 நவம்பரில் ஹடர்ஸ்ஃபீல்ட் அணிக்காக முதன்முதல் ஆடியபோது அவருக்கு வயது பதினைந்தரைகூட நிரம்பவில்லை. 1909 சனவரியில், பதினேழாம் வயதிலே, அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் சார்பில் ஆடினார். நம் கல்லூரிகளில் அவ்வயதினர் இரண்டாம் அணியில் இடம்பெறக் காத்திருப்பர்!

மத்திய வரிசையில் ஆடிய அவர், தாமே ஓடிப் புள்ளி பெறுதலினும் பக்கத்து வீரனுக்கு வழி திறந்துவிடுதலையே பெரிதாகக் கொண்டார். விரைவிலே கழகத்தின் தலைமையும், 1914 இல் அவுஸ்திரேலியா சென்ற பிரித்தானிய அணியின் தலைமையும் அவரை நாடி வந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று.

அச்சுற்றுப் பயணத்தில் எட்டே நாட்களுள் மூன்று ரெஸ்ற் பந்தயங்கள் நடத்தப்பட்டன. முன்னிரண்டில் ஆளுக்கொரு வெற்றி. வீரர் பலர் காயமுற்றிருந்தமையாற் பிரித்தானிய முகாமையாளர் அவகாசம் வேண்டினர். ஆயின், ஆடியே தீரல் வேண்டும் என்று தாயகத்திலிருந்து தந்தி வந்தது. அக்கட்டளை நியாயமானதென்று இன்றும் எமக்குத் தோன்றவில்லை.

யூலை 4 ஆம் நாள் சிட்னி மைதானத்தில் மூன்றாம் பந்தயம் தொடங்கியது. காயமுற்றவனுக்குப் பதிலாள் இறக்க அக்காலத்தில் விதியில்லை. வில்லியம்ஸ் காலிற் காயமுற்றார். பெருவிரல் முறிந்த பின்னும் ஆடிய டக்ளஸ் கிளார்க், கழுத்தெலும்பும் முறியவே கண்ணீரோடு வெளியேறினார். ஹோல் தலையில் அடிபட்டு வீழ்ந்தார். எஞ்சியோர் பதின்மர். பதின்மூவரை எதிர்த்து அவர்கள் நெடுநேரம் தம் எல்லையைக் காத்தனர். வாக்ஸ்டாஃப் தடுப்பதிலே முன்னின்றதோடு, எதிரணியைப் பிளந்து ஓடிப் பந்தை ஜோன்சனுக்கு அளித்தார். முன்வரிசை வீரரான ஜோன்சன், காற்பந்தாட்டக்காரரைப்போற் பந்தைக் காலால் உருட்டிச் சென்று ட்ரை பெற்றார். முடிவில் பிரித்தானியா 14, அவுஸ்திரேலியா 6. சிறுபடை பெரும்படையை எதிர்த்துநின்ற 1879 ஆம் ஆண்டுச் சூலுலாந்துப் போரை நினைவுகூர்ந்து, இப்பந்தயத்துக்கு 'றோக்ஸ் ட்றிஃப்ற் ரெஸ்ற்' எனப் பெயரிட்டனர்.

அடுத்த பருவத்தில் அவர் தலைமையில் ஹடர்ஸ்ஃபீல்ட் அணி எட்டவேண்டிய நான்கு கிண்ணங்களையும் ஒருங்கே வென்றது. பின்னர் யுத்தம் அவரை இராணுவப் போக்குவரத்துப் படைக்கு இழுத்தது. கூலி பெற்று ஆடுவோரைத் தீண்டாதிருந்த யூனியன் சபை, யுத்தகாலத்திற் படையணிகளில் அவர்கள் ஆடுதற்கு இசைந்தது. அவரும் அவர்தம் கழகத் தோழரும் அவ்வணியிற் சேர்ந்து யூனியன் முறையிலும் வெற்றிமேல் வெற்றி குவித்தனர். சமாதானம் வந்ததும் பழைய தடை மீண்டது.

1920 இல் மறுபடியும் அவுஸ்திரேலியாவுக்குத் தலைமைதாங்கிச் சென்றார்; அம்முறை ரெஸ்ற் தொடர் கைநழுவியது. சில ஆண்டுகளின் பின் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்று மதுச்சாலை நடத்தி வாழ்ந்த அன்னார், 1939 யூலையில் தமது நாற்பத்தெட்டாம் வயதிற் காலமானார். றக்பி லீக் புகழ் மண்டபம் 1988 இல் நிறுவப்பட்டபோது முதன்முதல் இடம்பெற்ற ஒன்பதின்மருள் அவரும் ஒருவர்.