ரஹீம் சாஹேப்

புதுக்கோட்டைச் சீமையில் கொடும்பாளூர் மூவர் கோயிலைக் கண்டோர் அறிவர்: மூன்று விமானங்களில் இரண்டே நிற்கின்றன, மூன்றாவதற்கு அடிப்பீடம் மாத்திரமே மிச்சம். ஆயினும் கட்டுவித்த பூதி விக்கிரமகேசரியின் பெயரைக் கல்வெட்டு காத்துத் தந்தது. நமது தேசத்துக்குக் கால்பந்தாட்டத்தில் கீர்த்தி தேடித் தந்த ஸையத் அப்துல் ரஹீமின் பெயரோ, 2024-ல் ஹிந்தி சினிமாப் படமொன்று வெளிவரும் வரையில், அநேகருக்குத் தெரியாமலே கிடந்தது.

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்த ரஹீம், உஸ்மானியா சர்வகலாசாலைக் கோஷ்டியில் ஆடியவர். தொழிலில் பள்ளிக்கூட உபாத்தியாயர். 1943-ல் ஹைதராபாத் கால்பந்தாட்டச் சங்கத்தின் காரியதரிசியானார். ஆட்டக்காரருக்கு வலக்கால் போலவே இடக்காலும் பழக வேண்டுமென்று அதற்கென்றே பந்தயங்கள் நடத்தினார். அவர் பயிற்றிய ஹைதராபாத் போலீஸ் கோஷ்டி 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷமும் ரோவர்ஸ் கோப்பையை விடவில்லை.

1951-ல் டில்லி ஆசியப் பந்தயத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றோம். மறு வருஷமே ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று புடைத்தது. குளிரில் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர்! பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. தோல்வியிலிருந்து கற்றுக்கொள்பவரே உபாத்தியாயர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நமது கோஷ்டி நான்காவது இடம் பெற்றது.

ஆனால் 1962 ஜகார்த்தாவே அவரது வித்தைக்குச் சிகரம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். பின்னர் தாய்லாந்துடன் ஆடுகையில் பின்காவலர் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்து தையல் போடும்படியாயிற்று. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை இந்தியப் பிரதிநிதி ஆட்சேபித்ததால் உள்ளூர் ஜனங்களின் கோபம் வேறு. ரஹீம் என்ன செய்தார்? காயம்பட்டவரை உட்கார வைக்கவில்லை, முன்னணிக்கு அனுப்பினார். துணிச்சல்தான், தவறியிருந்தால் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்திருக்கும். செப்டம்பர் 4-ந் தேதி, நமது கோலைப் பீட்டர் தங்கராஜ் காத்து நிற்க, கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். ஜர்னைல் மற்றொன்று போட்டார். முன்பு நம்மைத் தோற்கடித்த அதே தென் கொரியா 1-2 என்று வீழ்ந்தது.

1963 ஜூன் 11-ந் தேதி, புற்றுநோயால் ரஹீம் காலமானார், வயது 53. 1970-ல் பாங்காக்கில் நமது கோஷ்டிக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தபோது பயிற்சியாளராக இருந்தவர் அவருடைய மாணாக்கர் பானர்ஜியே. ஆசியப் பந்தயக் கால்பந்தில் அதற்குப் பின் நமக்குப் பதக்கம் கிட்டவில்லை.