பூட்ஸுக்குள் ஒரு டைரி: கடைசிக் காலத்தில் டால்ஸ்டாய் ஏன் ஒளித்து எழுதினார்?

டைரி என்றால் எழுதியவர் மட்டும்தான் படிக்கணும். ஆனால் ரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய்க்கு அந்த வசதி கிடைக்கவே இல்லை. ‘போரும் அமைதியும்’ எழுதியவர், காந்தியோடு கடிதத் தொடர்பில் இருந்தவர். 1910-ல், 81 வயதில், சொந்த வீட்டிலேயே ஒரு சின்ன நோட்டை பூட்ஸுக்குள் மறைத்து வைக்கும் நிலைக்கு வந்தார். அப்படி என்னதான் நடந்தது?

18 வயதில் ஆரம்பித்த பழக்கம்

1847-ல் கசான் நகரில் மருத்துவமனையில் இருந்தபோது டால்ஸ்டாய் டைரி எழுதத் தொடங்கினார். இன்று என்ன தப்பு செய்தோம், எதை மாற்றிக்கணும் என்று தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் நோட்டு அது. சூதாட்டம், பெண் தொடர்புகள் என எதையும் விடவில்லை.

1862-ல் கல்யாணத்துக்கு முன்பு, ஒளிவுமறைவு கூடாது என்று அந்த டைரிகளை சோபியாவிடம் படிக்கக் கொடுத்தார். அவருக்கு 34 வயது, சோபியாவுக்கு 18. அந்த அதிர்ச்சி சோபியாவின் மனதை விட்டுப் போகவே இல்லை.

பெரிய நாவல்களை எழுதிய வருடங்களில் டைரி பெரும்பாலும் நின்றுபோனது. 50 வயதை ஒட்டித்தான் மறுபடியும் தீவிரமாக எழுத ஆரம்பித்தார்.

முதுமையில் என்ன எழுதினார்?

உடம்பு எப்படி இருக்கு, யார் வந்தார்கள், யார் மேல் கோபம் வந்தது... பெரும்பாலும் இப்படிச் சாதாரண விஷயங்கள்தான். 1897-ல் ஒருநாள் அறையைத் துடைத்துக்கொண்டே வந்தவருக்கு, சோபாவைத் துடைத்தோமா இல்லையா என்றே ஞாபகம் வரவில்லை. கவனமே இல்லாமல் கழியும் வாழ்க்கை வாழாததற்குச் சமம்தானே என்ற யோசனை அங்கிருந்து வந்தது. அதையும் டைரியில் எழுதினார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எழுதி முடித்ததும் மறுநாள் தேதியைப் போட்டு, பக்கத்தில் மூன்று ரஷ்ய எழுத்துகளைச் சேர்ப்பார். நாளைக்கு உயிரோடு இருந்தால் என்பதன் சுருக்கம் அது.

படிக்கக் காத்திருந்தவர்கள்

அந்த வீட்டில் டைரி எழுதியவர் அவர் மட்டும் இல்லை. சோபியா எழுதினார், செயலாளர் எழுதினார். டாக்டர் மகோவிட்ஸ்கி, டால்ஸ்டாய் பேசப் பேச பாக்கெட்டுக்குள் கைவிட்டு ரகசியமாகக் குறிப்பெடுப்பார்.

டால்ஸ்டாயின் கடைசி 10 வருட டைரிகளோ நெருங்கிய சீடர் செர்ட்கோவிடம் இருந்தன. சோபியாவுக்கு இது பெரிய பயம். கணவரின் கையெழுத்துப் பிரதிகளை வருடக்கணக்கில் நகலெடுத்துக் கொடுத்தவர் அவர். அந்த டைரிகளைப் படித்து நாளைக்கு உலகமே தன்னை மோசமான மனைவி என்று நினைக்குமோ என்று தவித்தார். தன்னைப் பற்றிக் கோபத்தில் எழுதியதை நீக்கச் சொல்லி 1895-லேயே கேட்டிருந்தார், அவரும் சம்மதித்திருந்தார்.

1910 ஜூலையில் சண்டை முற்றியது. டால்ஸ்டாய் டைரிகளைத் திரும்ப வாங்கி, துலா நகரில் ஒரு வங்கியில் வைத்தார். அதே மாதக் கடைசியில், தனக்கு மட்டும் என்று தனியாக ஒரு டைரி தொடங்கினார். பூட்ஸுக்குள் ஒளித்தது அதைத்தான். சோபியா அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

கடைசிப் பயணம்

அன்றைய ரஷ்ய காலண்டர்படி அக்டோபர் 28. நள்ளிரவில் சோபியா தன் அறையில் காகிதங்களைத் தேடும் சத்தம் டால்ஸ்டாய்க்குக் கேட்டது. விடிவதற்குள் டாக்டரோடு வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். வழியில் நிமோனியா. அஸ்தபோவோ ரயில் நிலையத்தில் இறங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் படுத்தார். நவம்பர் 3-ம் தேதி வரை டைரி எழுதினார். 7-ம் தேதி உயிர் பிரிந்தது.

யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஒன்று மட்டும் தெளிவு. யாராவது படிப்பார்கள் என்று தெரிந்துவிட்டால் மனசில் இருப்பதை அப்படியே எழுத முடியாது. 63 வருடம் டைரி எழுதிய டால்ஸ்டாய்க்கே அதற்காக ஒரு தனி நோட்டு தேவைப்பட்டது. பின்னர் அவருடைய எழுத்துகள் 90 தொகுதிகளாக வந்தன. அதில் 13 தொகுதிகள் டைரிகள். பூட்ஸுக்குள் ஒளித்த அந்த நோட்டும் அதில் இருக்கிறது.