குறவஞ்சி தந்த மேலகரத்துக் கவிராயர்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் அமைந்துள்ளது மேலகரம். சாரல் காலத்தில் அருவியாட இவ்வழியே செல்வோர் பல்லாயிரவர். ஆனால், அவ்வூர் தந்த திரிகூடராசப்பக் கவிராயரை நினைப்போர் எத்தனை பேர்?

கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். குற்றாலநாதரிடம் பேரன்பு பூண்டவர். குற்றாலத் தலபுராணம் முதலிய பல நூல்களை இயற்றினார். எனினும், அவருக்கு அழியாப் புகழைத் தேடித் தந்தது திருக்குற்றாலக் குறவஞ்சி என்னும் இசை நாடகமே.

கதை எளியது. உலா வரும் இறைவனைக் கண்ட வசந்தவல்லி, காதல் நோயால் வாடுகிறாள். மலைக்குறத்தி சிங்கி அவள் கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். பறவை பிடிக்கும் அவள் கணவன் சிங்கன், மனைவியைத் தேடி அலைந்து, இறுதியில் குற்றாலத் தெருவில் காண்கிறான்.

பண்டைக் கிரேக்கரின் துன்பியல் நாடகங்கள் ஏதென்ஸ் நகரில் தெய்வத் திருவிழாவின்போது நடிக்கப்பட்டன. கதை பழைய அரசர்களுடையது. அதில் எழுந்த கேள்விகளோ பார்த்திருந்த மக்களுடையவை. நம் கவிராயரின் நாடகம் துன்பத்தில் முடிவதன்று, களிப்பில் முடிவது. ஆயினும் அவரும் தெய்வக் காதலுக்குக் களமாக்கியது, கேட்போர் நாள்தோறும் நடமாடிய மண்ணையே.

தேனருவியும் சித்திராநதியும் அதில் உண்டு. கோயில் வயல்களும், அவற்றில் இறங்கும் பறவைக் கூட்டமும், கண்ணி வைக்கும் வேடரும் உண்டு. சிங்கியின் அணிகளைப் பாருங்கள்! சிலம்பு சேலத்து நாட்டில் பெற்றது. கால்விரல் அணி கண்டியில் பெற்றது. மெல்லிய சேலை நெல்வேலியார் கொடுத்தது. முத்தாரம் காயலார் தந்தது. அன்றைய மக்கள் அறிந்த ஊர்களெல்லாம் ஒரு குறத்தியின் மேனியிலே மின்னுகின்றன.

செல்வச் செழிப்பில் வளர்ந்த வசந்தவல்லிக்கு ஆறுதல் சொல்பவள் அந்த ஏழைக் குறத்தியே. தன் மலைவளத்தை அவள் எவ்வளவு பெருமையோடு பாடுகிறாள்! ஆனால், கோயில் வாசல் எல்லாச் சாதியினருக்கும் திறந்திராத காலம் அது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்கு வழி செய்த சட்டம் 1939-இல்தான் வந்தது. நாடகத்தில் குறத்தியைப் பாராட்டியவர்கள், தம் தெருவில் வந்த குறத்தியை எவ்வாறு நடத்தினார்களோ? இந்நூலைப் படிக்கும்போது இக்கேள்வி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் இந்நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. பின்னர் 1944-இல், ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரம் இக்குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது. இவ்வாறு நம் ஊர்க் குறத்தி சென்னை மேடையிலும் ஆடினாள்.

அன்பான தோழியரே! கவிராயர் தம் ஊரையும், ஊரின் எளிய மனிதரையும் உற்று நோக்கினார். உயர்ந்த கவி பிறந்தது. குறி சொல்லவோ பாசிமணி விற்கவோ நம் வீட்டு வாசலுக்கு வருபவளைப் பார்த்து நாம் சிரித்து ஒதுக்கலாமா? அவளும் பல ஊர் கண்டவள்; தன் மலையைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவள். அவளை மரியாதையுடன் அழைத்துப் பேசுவதே, மேலகரத்துக் கவிராயருக்கு நாம் செலுத்தும் சிறந்த காணிக்கையாகும்.