மகிழ மரத்தடி சத்தியம்: சுந்தரரிடம் சிவன் ஆடிய ஆட்டம்

மயிலாப்பூர் மாடவீதியில் அறுபத்துமூவர் விழா பார்த்திருப்பீங்க. அந்த 63 பேரில் ஒருவர் சுந்தரர். ஹோமரின் காவியத்தில் கிரேக்கக் கடவுள்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று போரில் தலையிடுவார்கள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் ஒரே கடவுள் ரெண்டு பக்கமும் நிற்கிறார்.

திருநாவலூரில் பிறந்த சுந்தரரின் கல்யாணத்தன்று, கிழவராக வந்து அடிமை ஓலையைக் காட்டி அதை நிறுத்தியவர் சிவன். அப்புறம் திருவாரூரில் பரவையாருடன் வாழ்க்கை. அங்கிருந்து நம்ம திருவொற்றியூருக்கு வந்தவர், சங்கிலியாரிடம் மனதைப் பறிகொடுத்தார்.

பிரிய மாட்டேன் என்று சன்னதியில் சத்தியம் செய்யணும். அந்த நேரம் மட்டும் மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க என்று சிவனிடமே டீல் பேசினார் சுந்தரர். சிவனும் சரி என்றார். ஆனா சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழடியில் வாங்கச் சொல்லிட்டார்!

திருவாரூர் நினைப்பில் சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டினார். ரெண்டு கண்ணும் போச்சு. ஒரு கண் காஞ்சியில் திரும்பியது, மறு கண் திருவாரூரில். விஷயம் தெரிந்து கொதித்திருந்த பரவையாரிடம் நள்ளிரவில் தூது போனதும் அதே சிவன்தான். முதல் தடவை அவரையே திருப்பி அனுப்பிட்டார் பரவையார். இரண்டாம் தடவைதான் சம்மதம்.

சங்கிலியாருக்கு என்ன நியாயம்? எனக்கு அந்தக் கேள்வி இன்னும் இருக்கு. திருவொற்றியூர் கோயில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இப்பவும் நடக்கிறது.