ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (ஜனவரி 4, 1892 - ஜனவரி 30, 1960) தமிழகத்தைச் சேர்ந்த பொருளியலாளர், கணக்காய்வாளர், விடுதலைப் போராட்ட வீரர். காந்தியப் பொருளியலுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர். ஒரு பொருளின் விலை என்ன என்பதோடு நில்லாமல், அது எதனால் ஆனது, அந்த மூலப்பொருள் மீண்டும் விளையக்கூடியதா என்ற கேள்விகளையும் பொருளியலுக்குள் கொண்டுவந்தார். சூழலுக்கு இசைந்த அச்சு, வரைகலை, பொதியிடல் என்று இன்று பேசப்படும் துறைக்கு அவர் காலத்தில் பெயர் கிடையாது. எனினும் அத்துறையின் அடிப்படைக் கேள்விகளை அவர் காகிதத்திலும் விளக்கிலும் வெல்லத்திலும் வைத்துச் சோதித்துப் பார்த்தார்.

இளமையும் கல்வியும்

தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். இலண்டனில் கணக்காய்வியல் பயின்று, தாயகம் திரும்பிப் பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். 1927இல் அமெரிக்கா சென்று, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியலும் கற்றார். ஆங்கிலேய ஆட்சியின் வரி, செலவு முறைகளுக்கும் இந்திய வறுமைக்கும் உள்ள தொடர்பே அவருடைய ஆய்வுப் பொருளாக இருந்தது. அதுவரை ஐரோப்பிய நடையுடையில் வாழ்ந்தவரை மாற்றியது இந்த ஆய்வுதான் எனலாம். பின்னர் கொர்னேலியஸ் என்னும் பெயரை விடுத்துக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை ஏற்றார். தம்பி பாரதன் குமரப்பாவும் அவ்வாறே செய்தார்.

காந்தியுடன்

தம் ஆய்வுரையை வெளியிடுவது தொடர்பாக 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவரே காந்தி என்பது அவருக்கு முதலில் தெரியவில்லை. மேலைநாட்டு உடையுடன் அவரும் தரையில் அமர்ந்தார். அந்த ஆய்வு யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. காந்தி அவரைக் குஜராத் வித்யாபீடத்தில் பணியாற்றச் செய்து, கேடா மாவட்டத்தின் மாதர் வட்டத்துக் கிராமங்களை ஆய்வு செய்யும் பொறுப்பையும் அளித்தார். உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, எழுத்துக்காகச் சிறை சென்றார்.

1934இல் பீகார் நிலநடுக்க நிவாரணக் கணக்குகளைக் கவனித்தபோது, நிவாரணத்திற்காக வந்த காந்தி குழுவினரின் செலவைக்கூட நிவாரண நிதியிலிருந்து தர மறுத்தார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். கணக்காய்வாளர் என்ற இந்தக் கண்டிப்பே அவருடைய பொருளியலிலும் தென்படுகிறது.

மகன்வாடியும் கைக்காகிதமும்

1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் அமைக்கப்பட்டபோது குமரப்பா அதன் செயலாளரானார். மகன்வாடியில் அதன் தலைமையிடம் இருந்தது. நெல் குற்றுதல், செக்கில் எண்ணெய் ஆட்டுதல், தேனீ வளர்ப்பு, வெல்லம், சோப்பு, மண்பாண்டம், காகிதம் ஆகிய தொழில்கள் அங்கு ஆராயப்பட்டன, பயிற்சியும் தரப்பட்டது. கிராம உத்யோக் பத்திரிகா என்னும் இதழையும் குமரப்பா நடத்தினார்.

மகன் தீபம் என்னும் விளக்கு அங்கு உருவானதே. அது மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரிந்தது. மண்ணெண்ணெய் நிலத்தடியிலிருந்து எடுக்க எடுக்கக் குறைவது. எள்ளும் வேம்பும் ஆண்டுதோறும் விளைவன. இந்த வேறுபாட்டை அவர் பின்னர் விரிவாக எழுதினார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது ஆகியவை தேங்கிய வளங்கள். ஓடும் நீரும் முறையாகப் பேணப்படும் காடும் ஓடும் வளங்கள். தேங்கிய வளத்தின் மேல் கட்டப்படும் வாழ்வு போட்டியையும் போரையும் வரவழைக்கும் என்பது அவர் முடிவு.

காகிதத்தில் இச்சிந்தனை நேரடியாகச் சோதனைக்கு வந்தது. சங்கானேர், ஜுன்னர் முதலிய ஊர்களில் காகசி எனப்படும் கைவினைஞர் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் காகிதம் செய்துவந்தன. கந்தல் துணி, பழைய கயிறு, சணப்பு நார் ஆகியவற்றை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் ஏந்தி எடுத்து, அழுத்தி, உலர்த்தி, கஞ்சிப் பசை பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவது வழக்கம். மரம் வெட்டவேண்டிய தேவை இதில் இல்லை. ஆலைக் காகிதம் பரவியபின் இத்தொழில் நலிந்தது.

சங்கத்தின் வெளியீடுகள் பல கைக்காகிதத்தில் அச்சிடப்பட்டன. இது எளிதான காரியமன்று. கைக்காகிதத்தின் தடிமன் தாளுக்குத் தாள் மாறும், மை சீராக ஏறாது, விலையும் அதிகம். அச்சகத்தார் எவரும் விரும்பும் பொருள் அல்ல. ஆலைப்பொருள் மலிவு என்ற வாதத்துக்குக் குமரப்பா ஒரு கணக்காய்வாளராகவே விடை சொன்னார். வணிக வழிகளைக் காக்கும் கடற்படைச் செலவும் வேலையிழந்த கைவினைஞரின் இழப்பும் ஆலைப்பொருளின் விலைச்சீட்டில் ஏறுவதில்லை. யாரோ செலுத்துவதால்தான் அது மலிவாகத் தோன்றுகிறது என்பது அவர் கருத்து. இந்த விடை கைக்காகிதத்தின் விலையைக் குறைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தொழில் இறுதிவரை ஆதரவை நம்பியே நின்றது.

நூல்கள்

வெள்ளையனே வெளியேறு போராட்டக் காலத்தில் சிறையில் இருந்தபோது இரு நூல்களை எழுதினார். ஒன்று ஏசுவின் வாழ்க்கை நெறி பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளியல் என்னும் பொருள்பட அமைந்த எக்கானமி ஆப் பெர்மனன்ஸ். 1945இல் வெளிவந்த இதற்குக் காந்தி முன்னுரை எழுதி, கிராமத் தொழில் முனைவர் என்று அவருக்கு ஒரு பட்டமும் சூட்டினார். பறித்து உண்ணும் குரங்கு முதல் கூட்டாக உழைக்கும் தேனீ, குஞ்சுக்காகப் பாடுபடும் தாய்ப்பறவை வரை உயிரினங்களை எடுத்துக்காட்டிப் பொருளியல் முறைகளை இந்நூல் வகைப்படுத்துகிறது. இ. எப். சூமாக்கர் 1973இல் வெளியிட்ட ஸ்மால் இஸ் பியூட்டிபுல் நூலில் குமரப்பாவை எடுத்தாண்டுள்ளார்.

கல்லுப்பட்டியில்

விடுதலைக்குப்பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தார். அறிக்கை 1949இல் வெளிவந்தது. ஆனால் பெருந்தொழிலை முன்வைத்த திட்டமிடலோடு அவருக்கு உடன்பாடு இல்லை. உடல்நலமும் குன்றியது. இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். மதுரையிலிருந்து இராசபாளையம் வழியாகத் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் செல்வோர் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். அவருடைய குடிலுக்கு வந்த வினோபா சுவரில் இரு படங்களைக் கண்டார். காந்தியைத் தம் ஆசான் என்றும், மற்றதிலிருந்த ஏழை உழவரை அந்த ஆசானின் ஆசான் என்றும் குமரப்பா அறிமுகப்படுத்தினார். காந்தி மறைந்த அதே நாளில், 1960 ஜனவரி 30 அன்று, காலமானார்.

பனையும் பொதியிடலும்

கரும்பு வெல்லத்தைவிடப் பனை வெல்லத்தையே கிராமத் தொழில் சங்கம் பரிந்துரைத்தது. பனை தரிசில் வளரும். உணவுப் பயிருக்கான நிலத்தையும் நீரையும் அது கேட்பதில்லை. அச்சாலையில் தெற்கே செல்லச் செல்ல இதன் பொருள் விளங்கும். தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்தில் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் வைத்து விற்பதும், பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பதும் நெடுநாள் வழக்கம். பண்டமும் கலமும் ஒரே மரத்திலிருந்து வருகின்றன. கலம் மண்ணில் விழுந்தால் மட்கிவிடும். நெகிழிப் பை பரவியபின் இவ்வழக்கம் சுருங்கியது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. எனினும் பால், எண்ணெய், மருந்து முதலியவற்றின் உறைகளுக்கு விலக்கு தரப்பட்டது. துணிப்பையை வலியுறுத்தும் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது.

பொதி வடிவமைப்போர் இன்று காகிதப் பெட்டியின்மேல் பளபளப்புக்காக நெகிழிப் படலம் ஒட்டுவதைத் தவிர்க்கச் சொல்வதும் குமரப்பாவின் பாகுபாட்டோடு பொருந்துவதே. படலம் ஒட்டிய அட்டை மட்காது, மறுசுழற்சிக்கும் கடினம்.

நினைவு

காதி மற்றும் கிராமத் தொழில் ஆணையத்தின் கைக்காகித ஆய்வு நிறுவனம் 1990களில் இராசத்தான் மாநிலம் சங்கானேரில் குமரப்பாவின் பெயரால் நிறுவப்பட்டது. அங்கு பிற்காலத்தில் கழிவு நெகிழியைக் காகிதக் கூழுடன் கலந்து கைப்பைகள் செய்யும் முறை உருவாக்கப்பட்டது. குப்பையில் கிடக்கும் நெகிழிக்கு இது ஒரு வழியாயினும், தேங்கிய வளத்தை ஓடும் வளத்தோடு பிரிக்கவியலாதபடி கலப்பதைக் குமரப்பா ஏற்றிருப்பாரா என்பது ஐயமே. இந்நிறுவனத்தின் மற்றோர் ஆக்கமான, மாட்டுச் சாணத்தை மூலப்பொருளாகக் கொண்ட சுவர் வண்ணம் 2021 ஜனவரியில் விற்பனைக்கு அறிமுகப்படுத்தப்பட்டது.