குரல் அவிந்த பாணன்

ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்திலே, ஒக்கீமா என்னும் சிற்றூரில், 1912ஆம் ஆண்டு பிறந்தவர் வூடி கத்ரி. அன்னை நோரா பழம் பாட்டுக்களைப் பாடி அவரை வளர்த்தார். நாளடைவில் அவ்வன்னையின் அங்கங்கள் தம்வசமிழந்து துடிக்கலாயின. சினமும் மறதியும் மிகுந்தன. மனநோய் வைத்தியசாலையொன்றில் 1930இல் அவர் கண்மூடினார். அன்னையிடமிருந்து மைந்தன் பெற்றவை இரண்டு: ஒன்று பாட்டு, மற்றையது அந்நோய்.

புழுதிப் புயலால் நிலமிழந்து கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்த ஏழை உழவர்களோடு தாமும் அலைந்த கத்ரி, அவர்தம் துயரைக் கிற்றாரில் இசைத்தார். 1941இல் கொலம்பியா ஆற்றைப் பற்றி ஒரே மாதத்தில் 26 பாட்டுக்கள் இயற்றினார். வாயற்ற மக்களுக்கு வாயாக நின்றவர் அவர்.

அந்த வாயே பின்னர் தடுமாறிற்று. நடை தள்ளாடியது, சொல் குழறியது. கண்டோர் மது மயக்கமென்றே எண்ணினர். 1952இலேதான் உண்மை புலனாயிற்று. ஜோர்ஜ் ஹண்டிங்டன் என்னும் வைத்தியர் 1872இல் விவரித்த பரம்பரை நோய் அது. பெற்றோருள் ஒருவருக்கு அஃது இருப்பின், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. மூளையின் ஆழத்திலிருந்து அசைவுகளை நெறிப்படுத்தும் பகுதி சிதைவதால், நாவும் உதடும் குரல்வளையும் மூச்சும் ஒன்றோடொன்று இசையாது போகின்றன. சொல் சிதைந்த பின்னரும், பிறர் கூறுவதை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் பெரிதும் எஞ்சியிருத்தல் கூடும். இந்நோயின் பெருங்கொடுமை இதுவே.

1956 முதல் வைத்தியசாலைகளே அவர் இல்லமாயின. 1961இல் பொப் டிலான் என்னும் 19 வயது இளைஞர் தேடிவந்து, கத்ரியின் பாட்டுக்களை அவருக்கே பாடிக் காட்டினார். இறுதிக் காலத்தில், ஆம், இல்லை என்று எழுதிய அட்டைகளைச் சுட்டியே அவர் தம் கருத்தை உணர்த்தினார். கை ஓய்ந்தபின் கண்ணிமைகளே அவர்தம் மொழியாயின. 1967 ஒக்டோபர் 3ஆம் நாள் அவையும் மூடின.

மணமுறிவின் பின்னரும் அவரைப் பேணிய மார்ஜரி, அவ்வாண்டிலேயே இந்நோயை எதிர்க்க ஒரு சங்கம் நிறுவினார். நோய்க்குக் காரணமான மரபணு 1993இல் கண்டறியப்பட்டது.

குழறும் நாவைக் கண்டு குடியரென்றும் பித்தரென்றும் எள்ளுவது எளிது. அந்நாவின் பின்னே, யாவற்றையும் கேட்டுக்கொண்டு, விடை கூற இயலாத ஓர் உள்ளம் விழித்திருக்கலாம். கத்ரியின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இது.