ழான் சார்லஸ் பெல்டியர்

ழான் சார்லஸ் அத்தனாஸ் பெல்டியர் (பெப்ரவரி 22, 1785 - அக்டோபர் 27, 1845) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். இருவேறு கடத்திகள் இணையும் சந்தியின் வழியே மின்னோட்டம் பாயும்போது, அச்சந்தி மின்னோட்டத்தின் திசையைப் பொறுத்துச் சூடாகும் அல்லது குளிரும் என்பதை 1834 ஆம் ஆண்டில் இவர் கண்டறிந்தார். இது இவர் பெயரால் பெல்டியர் விளைவு என அழைக்கப்படுகிறது. வானியல் ஒளிப்படங்கள் எடுக்க உதவும் எண்ணிம ஒளிப்படக்கருவிகளைக் குளிர்விக்கும் சிறு தகடுகள் இவ்விளைவின் அடிப்படையிலேயே இயங்குகின்றன.

வாழ்க்கைக் குறிப்பு

பெல்டியர் வட பிரான்சில் சோம் மாவட்டத்திலுள்ள ஹாம் என்னும் ஊரில் பிறந்தார். கடிகாரத் தொழிலைக் கற்று, அதனையே தொழிலாகக் கொண்டிருந்தார். 1815 ஆம் ஆண்டில் மனைவியின் குடும்பத்தின் வழியாக வந்த சொத்து, பிழைப்புக்காக உழைக்க வேண்டிய தேவையை நீக்கியது. ஏறத்தாழ 30 வயதில் தொழிலை விட்டு விலகி, எஞ்சிய வாழ்நாளை அறிவியல் ஆய்வுகளுக்கே செலவிட்டார். சிறு பொறிகளைச் செய்து பழகிய கைத்திறன், நுண்ணிய அளவீட்டுக் கருவிகளை அமைப்பதில் அவருக்குத் துணை நின்றது. இவர் பாரிசு நகரில் காலமானார்.

பெல்டியர் விளைவு

இருவேறு உலோகங்களாலான சுற்றில் ஒரு சந்தியைச் சூடாக்கினால் மின்னோட்டம் உண்டாகும் என்பதை தாமஸ் யோகான் சீபெக்கின் 1821 ஆம் ஆண்டுச் சோதனைகள் காட்டியிருந்தன. பெல்டியர் பிசுமத், ஆண்டிமனி ஆகிய உலோகங்களைக் கொண்டு ஆய்வுகள் செய்து வந்தார். வலு குறைந்த மின்னோட்டம் பாயும்போது, கடத்தியின் பிற பகுதிகளில் காணப்படாத வெப்பநிலை மாற்றம் சந்திகளில் ஏற்படுவதைக் கண்டார். மின்னோட்டம் பிசுமத்திலிருந்து ஆண்டிமனிக்குப் பாய்ந்தால் சந்தி குளிர்ந்தது. திசையை மாற்றினால் அதே சந்தி சூடானது.

மின்தடையால் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டத்தின் திசை எதுவாயினும் அது வெப்பமாகவே வெளிப்படும். பெல்டியர் விளைவோ மின்னோட்டத்திற்கு நேர்விகிதத்தில் அமைவது. திசை மாறினால் தானும் தலைகீழாக மாறுவது. எனவே மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்திற்குப் பின் தடையால் எழும் வெப்பம் குளிர்ச்சியை விஞ்சிவிடும். வலு குறைந்த மின்னோட்டத்தைக் கொண்டு கவனமாக அளந்ததாலேயே பெல்டியரால் இதனைக் காண முடிந்தது.

விளக்கமும் லென்சின் சோதனையும்

தாம் கண்டதன் முழுப் பொருளையும் பெல்டியர் உணரவில்லை. தமது கண்டுபிடிப்பு சீபெக் விளைவின் மறுதலை என்பதை அவர் எடுத்துக்கூறவில்லை. வலு குறைந்த மின்னோட்டங்கள் வழக்கமான விதிகளுக்கு உட்படுவதில்லை என்பதற்கான சான்றாகவே அதனைக் கருதினார். உருசியாவில் பணியாற்றிய எமில் லென்ஸ் 1838 ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக்கினார். பிசுமத்-ஆண்டிமனி சந்தியின் மீது ஒரு துளி நீரை வைத்து மின்னோட்டத்தைச் செலுத்தினார், நீர் உறைந்தது. திசையை மாற்றியதும் பனிக்கட்டி உருகியது. சீபெக், பெல்டியர் விளைவுகளுக்கு இடையேயான தொடர்பைப் பின்னர் 1850களில் வில்லியம் தாம்சன் (கெல்வின் பிரபு) வெப்ப இயக்கவியலின் வழி நிறுவினார். விளக்கம் பிறருடையதாயினும், விளைவு அதனை முதலில் அளந்தவரின் பெயரிலேயே நிலைத்தது.

பிற ஆய்வுகள்

பெல்டியரின் கட்டுரைகளில் பெரும்பாலானவை வளிமண்டல மின்னியல் பற்றியவை. இவர் அமைத்த மின்னளவியை பெல்ஜிய வானியலாளர் கெத்தலே பிரசெல்ஸ் வானாய்வகத்தில் பயன்படுத்தினார். நீர்த்தாரைச் சுழல்கள் தோன்றும் காரணங்கள் பற்றி 1840 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். வானின் நீல நிறம், வானொளியின் முனைவாக்கம், உயரமான இடங்களில் நீரின் கொதிநிலை ஆகியவற்றையும் ஆராய்ந்தார்.

குறைகடத்திகளின் வருகை

உலோகச் சந்திகளில் கிடைத்த குளிர்ச்சி மிகச் சிறிது. எனவே இவ்விளைவு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதும் ஆய்வுக்கூடத்துடன் நின்றது. நல்ல வெப்பமின் பொருளுக்கு உயர்ந்த சீபெக் குணகமும் மின்கடத்துதிறனும், குறைந்த வெப்பங்கடத்துதிறனும் வேண்டும் என செருமானியரான எட்மண்ட் ஆல்டன்கிர்க் 1909, 1911 ஆம் ஆண்டுகளில் காட்டினார். உலோகங்களில் மின்னை நன்கு கடத்துபவை வெப்பத்தையும் நன்கு கடத்துவதால் இது கைகூடவில்லை. சோவியத் இயற்பியலாளர் ஆப்ராம் யோஃபே குறைகடத்திகளின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். 1954 ஆம் ஆண்டில் பிரித்தானியரான ஜூலியன் கோல்ட்ஸ்மிட், பிசுமத் டெலுரைடு என்னும் சேர்மத்தின் பயனைக் காட்டினார். அறை வெப்பநிலைக்கு அண்மையில் இயங்கும் பெல்டியர் தகடுகளில் இச்சேர்மமும் அதன் கலவைகளுமே இன்றும் பயன்படுகின்றன.

வானியல் ஒளிப்படவியலில் பயன்பாடு

மங்கலான விண்முகில்களையும் விண்மீன் பேரடைகளையும் படம் எடுக்க, உணரியைப் பல நிமிடங்கள் தொடர்ந்து ஒளிக்குத் திறந்து வைக்க வேண்டியுள்ளது. அந்நேரத்தில் ஒளியே விழாவிடினும், வெப்பத்தால் உணரியில் எதிர்மின்னிகள் விடுபட்டுச் சேர்கின்றன. இது இருள் மின்னோட்டம் எனப்படுகிறது. சிசிடி உணரிகளில் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறையும்போது இது பாதியாகிறது. ஆகவே 30 பாகை குளிர்வித்தால் ஏறக்குறைய 32இல் ஒரு பங்காகக் குறையும்.

தகட்டின் குளிர்பக்கம் உணரியின் பின்புறத்துடன் இணைக்கப்படுகிறது. சூடான பக்கத்தில் வெப்பத்தை அகற்றும் உலோகத் துடுப்புகளும் விசிறியும் பொருத்தப்படுகின்றன. உணரியிலிருந்து பெற்ற வெப்பத்துடன், தகடு பயன்படுத்தும் மின்னாற்றலும் வெப்பமாகி இப்பக்கத்திலேயே வெளியேற வேண்டும். விசிறி நின்றுபோனால் சூடான பக்கத்தின் வெப்பநிலை ஏறி, குளிர்பக்கமும் அதனுடன் ஏறிவிடும். குளிர்ந்த பரப்பில் ஈரம் படியாதிருக்க, உணரி உள்ள அறை மூடப்பட்டு உலர்த்திப் பொருளால் ஈரம் நீக்கப்படுகிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி வெப்பநிலையை நிலையாக வைக்க முடிவதால், அதே வெப்பநிலையில் எடுத்த இருட்படங்களைப் பின்னர் கழித்தலுக்குப் பயன்படுத்தலாம். பெரிய வானாய்வகங்களில் இன்னும் தாழ்ந்த வெப்பநிலைகளுக்கு நீர்ம நைட்ரசன் போன்ற முறைகள் கையாளப்படுகின்றன. பையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு கருவிகளுக்கோ, நகரும் பாகமின்றித் தானே குளிரும் பெல்டியர் தகடே ஏற்றதாக உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

சீபெக் விளைவு
எமில் லென்ஸ்
குறைகடத்தி
வானியல் ஒளிப்படவியல்